கட்டுச்சோறு தாங்கும் தூரம்

சோறு எத்தனை நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். விமானம் எத்தனை நேரம் பறக்கும் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் இந்த வயதில் முதல்முறையாக வானத்தில் ஏறி இறங்கி வந்திருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தாரணி எழுதுகிறாள். என் பேச்சை அவள் கொஞ்சம் தலைவாரிப் பூ வைத்துத்தான் எழுதுவாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீடு சூலூருக்குப் பக்கம். தலைக்கு மேலே விமானம் போகாத நாளே கிடையாது. பட்டாளத்து விமானம் ஒரு பக்கம், பீளமேட்டிலிருந்து கிளம்பும் விமானம் ஒரு பக்கம். பாத்திரம் கழுவும்போது அண்ணாந்து பார்த்து, ‘யார் வீட்டுப் பிள்ளை எங்கே போகிறதோ’ என்று நினைத்துக்கொள்வேன். அதில் நானும் ஒரு நாள் போவேன் என்று நினைத்ததில்லை.

போக வைத்தது தாரணியின் கல்யாணம். அவளோடு கோயமுத்தூரில் படித்த பையன் பிரவீண். அவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தான். ஆனால் அவன் தாத்தா காலத்திலேயே கர்நாடகாவில் சிவமொக்கா பக்கம் போய்ப் பாக்குத் தோட்டம் வாங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள். பையனைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. என் மகன் செந்திலுக்குத் தூரம் ஒன்றுதான் குறை.

“பொள்ளாச்சியில குடுக்கறேன், போத்தனூர்ல குடுக்கறேன். அத்தனை தூரத்துல புள்ளையத் தள்ளி உடமாட்டேன்” என்றான் அவன். பம்புக்கு உதிரி செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். எதையும் அளந்து பார்த்துத்தான் பேசுவான். “ரோட்டுல ஐநூறு கிலோமீட்டருக்கு மேல வருது.”

தாரணி கைப்பேசியை நீட்டினாள். “அப்பா, இந்த ஏர்போர்ட்டுக்கும் அந்த ஏர்போர்ட்டுக்கும் முந்நூத்தி அம்பது கிலோமீட்டர்தான். பறக்கற நேரம் ஒரு மணி நேரம்னு போட்டிருக்குது பாருங்க. நம்ம ஊட்டுல இருந்து உக்கடம் போறதுக்கே அதைவிட சாஸ்தி ஆகுது.”

செந்தில் அதை வாங்கிப் பார்த்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். “நாளைக்கு நீ மாசமா இருந்தீன்னா கட்டுச்சோறு கட்டிட்டு வரோணுமல்ல? அங்க வந்து சேர்றதுக்குள்ள ஊசிப் போகாது?”

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெண் முழுகாமல் இருந்தால், பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கிளறி, கட்டி எடுத்துக்கொண்டு அவள் புகுந்த வீட்டுக்குப் போவார்கள். அங்கே எல்லோருக்கும் அதுதான் விருந்து. அப்புறம்தான் பிள்ளைப்பேற்றுக்கு அவளை அழைத்து வருவார்கள். அம்மா கையால் கிளறிய சோறு அன்றைக்கு அவள் வாயில் விழ வேண்டும்.

“ஊசாம வந்து சேர்ந்துட்டா?” என்றாள் தாரணி.

“சேர்ந்துட்டா அப்பறம் பேசிக்கலாம்.”

“சரி, நானே கொண்டு போய்ப் பாத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டேன். எப்படியும் மாப்பிள்ளை வீடு பார்க்க யாராவது போகத்தானே வேண்டும். தாரணியின் தாய்மாமன் முருகேசனும் கூட வருவதாக முடிவானது. தாய்மாமன் பார்க்காமல் எங்களில் எதுவும் நிச்சயம் ஆகாது. அவன் தறிக்குடோன் வைத்திருக்கிறான். தரையில் நடக்கும்போதே பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிற ஆள்.

கிளம்புகிற அன்று கோழி கூவும் முன்பே நானும் மருமகளும் அடுப்பு மூட்டினோம். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச்சோறு. புளியும் எள்ளும் இரண்டு நாள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தயிருக்குப் பதில் பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி மோர் விட்டால் அதுவும் பொழுது சாயும் வரை தாங்கும். கெடுகிற ஆள் தேங்காய்ச்சோறுதான். அதை முறத்தில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆறவைத்து, சூடு துளியும் இல்லாமல் பார்த்துத்தான் போசியில் போட்டேன். போசி என்றால் ஐந்து அடுக்குத் தூக்குப் பாத்திரம். செந்தில் வந்து ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து பார்த்து, பட்டறையில் சாமானுக்குச் சீல் வைப்பதுபோல மூடியைத் தட்டிவிட்டுப் போனான்.

பீளமேட்டில் பையைப் பெட்டிக்குள் விட்டுப் பார்க்கிற இடத்தில் ஒரு போலீஸ்காரப் பெண் நிறுத்தினாள். “இதுக்குள்ள என்ன இருக்கு பாட்டிம்மா?”

“அஞ்சு வகைச் சோறு கண்ணு.”

“அஞ்சு வகையா? எங்க போறீங்க?”

“மாப்பிள்ளை ஊடு பாக்க.”

“அவங்க சோறு போடமாட்டாங்களா?” என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாள். மூடியைத் திரும்ப அழுத்தி மூடியது நான்தான். அவளுக்குப் பழக்கம் பத்தாது.

எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. முருகேசனுக்குக் கிடைத்திருந்தாலும் எனக்கே கொடுத்திருப்பான். வண்டி ஓட ஆரம்பித்ததும் அவன் கண்ணை மூடி, “அத்தைங்க, நிக்கச் சொல்லுங்க” என்றான். யாரிடம் போய்ச் சொல்வது! முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவதுபோல இருந்தது. அடுத்த நிமிஷம் அவினாசி ரோடு நூல் மாதிரி ஆகிவிட்டது. தென்னந்தோப்பெல்லாம் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோலத் தெரிந்தது. சூலூர்க் குளம் சில்வர் தட்டு அளவுக்கு மின்னியது. எங்கள் வீட்டைத் தேடினேன். எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் அதே கருப்புத் தண்ணித்தொட்டிதான். எந்தத் தொட்டி நம் தொட்டி என்று கண்டுபிடிப்பதற்குள் மேகம் வந்துவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கென்ன, தினமும் போகிறவராக இருக்கும்.

ஆப்பக்கடைக்காரன் சட்டியில் ஊற்றி ஊற்றி எடுப்பதுபோல, ஏறி உட்கார்ந்ததும் இறக்கிவிட்டார்கள். “இதுதானா சிவமொக்கா?” என்று கேட்டேன்.

“இது பெங்களூருங்க அத்தை. இங்க எறங்கி வேற பிளேன்ல ஏறோணும்.”

அங்கேதான் எனக்கு முதல் சங்கதி புரிந்தது. தாரணியின் கைப்பேசி இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு, அதற்கு ஒரு மணி நேரம் என்று சொல்லியிருக்கிறது. அந்தக் கோட்டின்மேல் விமானம் எதுவும் போவதில்லை! காக்காய் போகலாம். நாம் போக வேண்டுமென்றால் பெங்களூரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

பெங்களூர் ஏர்போர்ட்டைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம். தரை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. நான் அதில் இரண்டு தரம் போய்வந்தேன். முருகேசன் பக்கத்தில் நடந்தே வந்தான். அப்புறம் ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். சிவமொக்காவில் பனி மூடியிருக்கிறதாம். பனி விலகினால்தான் விமானம் கிளம்புமாம். சின்ன ஊர் ஏர்போர்ட்டுக்கு அப்படித்தான் என்று பக்கத்தில் இருந்த பெரியவர் தமிழில் சொன்னார். அவர் பத்ராவதிக்காரர், ஒரு காலத்தில் சேலத்தில் வேலை பார்த்தவராம்.

வெயில் ஏறுகிறது. என் மனசெல்லாம் தேங்காய்ச்சோற்றிலேயே இருந்தது. கெட்டுவிட்டதா என்று பார்க்கலாம் என்று போசியைப் பிரித்து, அந்தத் தட்டை மட்டும் எடுத்து முகர்ந்தேன். கெடவில்லை. தாளித்த வாசனை அப்படியே இருந்தது. அந்த வாசனைதான் வினையாகப் போய்விட்டது. எதிரில் ஒரு சின்னப் பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும், அம்மா மடியில் அழுதுகொண்டிருந்தது. அழுகையை நிறுத்திவிட்டு என் தட்டைப் பார்த்தது.

அதன் அம்மா கன்னடத்தில் ஏதோ சொன்னாள். பெரியவர் தமிழில் எடுத்துச் சொன்னார்: “காலையில இருந்து எதுவும் வாயில வைக்கலையாம். கடையில வாங்கின ரொட்டியத் துப்பிடுச்சாம்.”

அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எப்படித் தட்டை மூடுவது? ஒரு உருண்டை பிடித்து நீட்டினேன். முருகேசன் என் கையைப் பிடித்தான்.

“அத்தைங்க, அத்தைங்க! அது சோறில்லீங்க. தாரணி கல்யாணமுங்க!”

“ஒரு உருண்டை தம்பி. தட்டுல இன்னும் இருக்குதல்ல.”

குழந்தை ஒன்றைத் தின்று இன்னொன்று கேட்டது. அம்மாக்காரிக்கு ஒன்று. பெரியவருக்குச் சர்க்கரையாம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம். புளிச்சோற்றைக் கொஞ்சம் எடுத்து வைத்தேன். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார்கள். எள்ளுச்சோறு என்றால் என்ன என்று ஒருவன் கேட்டான். இப்படியும் ஒரு கேள்வியா! தின்று பார்த்தால்தானே தெரியும். கடைசியில் தயிர்ச்சோற்றை வழித்துத் தின்றது யார் என்று கேட்டால், முருகேசன்தான்.

“எல்லாம் போச்சு. நானும் எதுக்குப் பட்டினி கெடக்கோணும்?” என்றான்.

பனி விலகிவிட்டது என்று கூப்பிட்டபோது போசி கழுவின மாதிரி இருந்தது.

அடுத்த விமானம் சின்னது. இரண்டு பக்கமும் பெரிய காற்றாடி. அது சுற்ற ஆரம்பித்ததும் தடதடவென்று ஒரே சத்தம். முருகேசன் என்ன ஆவானோ என்று திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்! தறிக்குடோன் சத்தத்தில் வளர்ந்த உடம்பு. முதல் விமானம் சத்தமில்லாமல் போனதுதான் அவனுக்குப் பயம். கீழே காடு, ஆறு, வரிசை வரிசையாகப் பாக்கு மரம். எங்கள் பக்கம் மேலே இருந்து பார்த்தால் வீடும் பட்டறையுமாகத்தான் தெரிகிறது. இங்கே பச்சையைத் தவிர வேறு நிறமே இல்லை. மாப்பிள்ளை ஊர் அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். கூடவே, போசி காலியாக இருக்கிறதே என்றும் நினைத்தேன்.

பிரவீண் ஏர்போர்ட் வாசலிலேயே நின்றான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவன் கண் நேராகப் போசிக்குப் போனது. தாரணி எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல.

“குடுங்க ஆத்தா, நான் எடுத்துட்டு வாரேன்” என்று வாங்கினான். கனம் இல்லை என்று கை சொல்லியிருக்கும். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை பாக்கு விலையையும் மழையையும் பற்றியே பேசினான். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது.

வீட்டில் அவன் அம்மா சரஸ்வதி ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவன் அப்பா காலமாகிச் சில வருஷம் ஆகிறது. அம்மாவும் மகனும்தான் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்ததும் நானே மூடியைத் திறந்து காட்டினேன்.

“யாருங்க சாப்புட்டது?” என்றாள் சரஸ்வதி.

“பேரு தெரியாது அம்மணி. பசிச்சவங்க.”

அவள் ஒரு நிமிஷம் போசியைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியொரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முருகேசன் மட்டும், “சிரிங்க, சிரிங்க. மச்சானுக்கு யாரு பதில் சொல்றதுன்னு பாக்கறேன்” என்றான்.

மத்தியானம் அக்கி ரொட்டி போட்டாள். நம் பக்கத்து அரிசி ரொட்டிதான், ஆனால் காகிதம்போல மெலிசாகத் தட்டுகிறார்கள். கூடவே ஒரு மாவடு ஊறுகாய். அதன் வாசனை விரலை விட்டுப் போகவே இல்லை. பின்கட்டில் பெரிய அண்டாவில் பாக்கு வெந்துகொண்டிருந்தது. வெந்த பாக்கைக் களத்தில் காயப்போடுவது பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை காயப்போடுவதுபோலவே இருந்தது. நிறம்தான் வேறு. நான் குனிந்து ஒரு கை துழாவிவிட்டேன். வேலைக்கு வந்த பெண்கள் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். “விருந்துக்கு வந்த பாட்டிக்கும் கூலி போட்டுடுங்க” என்றார்களாம். பிரவீண்தான் சொன்னான்.

பொழுது சாய்ந்ததும் சரஸ்வதியும் நானும் தனியாக உட்கார்ந்தோம். அவள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் பிறந்தவள். பேச்சில் கன்னடம் கலந்திருந்தாலும் கோபி மண்ணின் இழுப்பு அப்படியே இருந்தது.

“உனக்குக் கட்டுச்சோறு வந்துதா அம்மணி?” என்று கேட்டேன்.

“வரலீங்க.” கையில் இருந்த பாக்கை உருட்டிக்கொண்டே சொன்னாள். “அம்மா கட்டிட்டுத்தான் பொறப்பட்டாங்க. நெம்ப மழை. திம்பம் மலையில ரோடு சரிஞ்சு போச்சுங்க. பாதி வழியிலயே திரும்பிப் போயிட்டாங்க. இங்க பக்கத்துத் தோட்டத்து அம்மா சங்கதி தெரிஞ்சு ஒரு எலைச் சோறு கொண்டாந்து குடுத்தாங்க. அப்ப அவங்க பேசறது எனக்கு ஒண்ணும் புரியாது. சோறு புரிஞ்சுதுங்க.”

“அப்ப இது தூரம்தான்னு சொல்றியா?”

பையனைப் பெற்றவள். தூரமெல்லாம் இல்லை, விமானம் வந்துவிட்டது, ரோடு வந்துவிட்டது என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

“தூரந்தானுங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மனசில் பாரமும் ஏறியது. அவளுக்கு வராத சோறு நாளைக்குத் தாரணிக்கும் வராமல் போகலாம். செந்தில் பயப்படுவது வீண் பயம் இல்லை.

மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். பிரவீண் தலையைச் சொறிந்தான். “நாளைக்கு நமக்குத் தோதான பிளேன் இல்லீங்க ஆத்தா. எல்லா நாளும் கெடையாது. கார்லயே கொண்டு போய் உட்டுடறேன்.” இதையும் கைப்பேசி சொல்லவில்லை. முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர் என்று சொன்னதே ஒழிய, எந்தக் கிழமையில் முந்நூற்று ஐம்பது என்று சொன்னதா?

சரஸ்வதி எழுந்து நின்றாள். “நானும் வாரேனுங்க. கட்டுச்சோறு நான் கட்டறேன். அங்க கொண்டாந்து குடுக்கறேன். தாங்குதா இல்லையான்னு அவங்கப்பாவே பாக்கட்டும்.”

முருகேசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பொண்ணு ஊட்டுல இருந்துதானுங்க கொண்டு வரோணும். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கொண்டு போறது மொறையில்லீங்களே!”

“ரோடு ஒண்ணுதானே தம்பி. அக்கட்டால போனா என்ன, இக்கட்டால வந்தா என்ன?” என்றேன் நான்.

விடியும் முன்பே கிளம்பினோம். போசியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். சிவமொக்காவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் தொடை சுட்டது. தொட்டுப் பார்த்தேன். தேங்காய்ச்சோற்றுத் தட்டு கொதிக்கிறது. சரஸ்வதி ஆறவைக்காமல் அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே மூடிவிட்டாள்! அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு தரமாவது கட்டுச்சோறு கட்டியிருந்தால்தானே அந்தப் பக்குவம் தெரியும்.

நான் சத்தம் போடாமல் மூடியைத் திறந்து, பிரவீண் வைத்திருந்த செய்தித்தாளை எடுத்து விசிற ஆரம்பித்தேன். சரஸ்வதி முன்சீட்டிலிருந்து திரும்பினாள். “என்னங்க அத்தை?”

“ஒண்ணுமில்ல அம்மணி. சோத்துக்குக் காத்து வேணுமாம்.”

மைசூர் வரை விசிறினேன். கை ஓய்ந்தால் முருகேசன் வாங்கிக்கொண்டான். “காருக்குள்ள இருக்கற வாசத்துக்கு, பசி வயித்தக் கிள்ளுது. நேத்து பெங்களூர்ல பண்ணினாப்பல இன்னைக்கும் பந்தி போட்டுடாதீங்க” என்றான். மைசூரில் காபி குடித்தோம். சாம்ராஜ்நகர் பக்கம் சூரியகாந்திக் காடு. பிரவீண் வண்டியை நிதானமாக ஓட்டினான், ஆனால் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தான். திம்பம் மலைப்பாதையை ராத்திரியில் மூடிவிடுவார்கள். அதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும். சோறு நன்றாக ஆறிவிட்டது. வாசனையும் குறையவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

செக்போஸ்ட்டைத் தாண்டி, ஆசனூர்ப் பக்கம் வரும்போது முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ரோட்டோரம் யானை. ஒன்றல்ல, குட்டியோடு ஒரு கூட்டம். பிரவீண் இஞ்சினை அணைத்தான். காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாக வந்து மெதுவாகச் சொன்னார்: “கண்ணாடிய ஏத்திக்குங்க. திங்கற சாமான் ஏதாச்சும் இருந்தா மூடி வைங்க. வாசம் புடிச்சு வந்துரும்.”

முருகேசன் என்னைப் பார்த்தான். நான் போசியைப் பார்த்தேன்.

“மூடுங்க அத்தை” என்றான், உதடு மட்டும் அசைந்தது.

“மூடினா புழுங்கிப் போயிருமே தம்பி.”

“நாம உசுரோட போனாத்தானுங்க கல்யாணம்!”

மூடினேன். ஐந்து தட்டையும் அடுக்கி, கொக்கியை மாட்டி, மேலே என் சால்வையையும் சுற்றினேன். கண்ணாடி ஏற்றிய கார். மேலே வெயில். உள்ளே ஐந்து வகைச் சோறும் நான்கு ஆட்களும் வேர்த்துக்கொண்டிருந்தோம். யானைகளுக்கு என்ன அவசரம்? தாய் யானை ஒரு மூங்கிலை ஒடித்துக் குட்டிக்குக் கொடுத்துவிட்டு, குட்டி தின்று முடிக்கும் வரை அங்கேயே நின்றது. கோபம் வரவில்லை எனக்கு. அதன் வீட்டு வழியில் நாம்தான் போகிறோம். ஆனால் மடியில் இருந்த சோறு கெடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவது கை வைக்காமலே தெரியுமே, அதுபோல.

கடைசியாக அவை காட்டுக்குள் இறங்கியதும் வண்டிகள் கிளம்பின. திம்பத்து வளைவுகளில் போசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பண்ணாரி அம்மனுக்குக் காரில் இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டேன். சரஸ்வதி, “சத்தியமங்கலம் வந்துருச்சு, அந்தா கோபிக்குப் போற ரோடு” என்று குழந்தைபோலக் காட்டிக்கொண்டு வந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டு வாசலில் விளக்குப் போடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். செந்தில் கேட்டிலேயே நின்றான். “வாங்க, வாங்க” என்று சரஸ்வதியை அழைத்தான். முகத்தில் சிரிப்பு இல்லை, மரியாதை இருந்தது. கூடத்தில் இலை போட்டோம். முருகேசன் பெங்களூரில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டான். அதனால்தான் இந்தச் சோறு வந்திருக்கிறது என்றும் சொன்னான். தாரணி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரவீண் உள்ளே வராமல் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே வாசப்படியில் நின்றான்.

தட்டைப் பிரித்ததும் எனக்கு வாசனை வந்துவிட்டது. மற்ற நாலும் நன்றாகத்தான் இருந்தன. தேங்காய்ச்சோறு போய்விட்டது. சுத்தமாகப் போகவில்லை, ஆனால் லேசாக நூல்விட ஆரம்பித்திருந்தது. சரஸ்வதிக்கும் அப்போது தெரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது.

“இதை உட்டுடுங்கண்ணா. புளிச்சோறு போடறேன்” என்றாள் மெதுவாக.

“இல்லைங்க. அதையே போடுங்க” என்றான் செந்தில்.

அவள் ஒரு கரண்டி வைத்தாள். அவன் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். நான் பெற்ற பிள்ளை, அவன் தொண்டையில் சோறு எப்படி இறங்குகிறது என்று எனக்குத் தெரியாதா? மென்றான். விழுங்கினான்.

“எத்தனை மணிக்குங்க கெளம்புனீங்க?” என்று சரஸ்வதியைக் கேட்டான்.

“விடியறதுக்கு முந்திங்க.”

“அதுக்கும் முந்தி எந்திரிச்சுக் கிளறியிருப்பீங்க.”

“ஆமாங்க.”

அவன் தலையை ஆட்டினான். இலையில் மிச்சம் இருந்ததையும் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டான். தண்ணீர் குடித்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டிருந்த தாரணியை ஒரு தரம் பார்த்தான். பிறகு சரஸ்வதி பக்கம் திரும்பினான்.

“அடுத்த தடவை நீங்க வரும்போதும் சரி, நாங்க வரும்போதும் சரி, தேங்காச்சோறு மட்டும் வேண்டாமுங்க. அந்தத் தூரத்துக்குப் புளிச்சோறுதான் தாங்கும்.”

சரஸ்வதி, “சரிங்கண்ணா” என்றாள். தேங்காய்ச்சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினாள். முருகேசன் வாசலுக்கு எட்டிப் பார்த்து, “மாப்பிள்ளை, இன்னும் என்னத்துக்கு வெளிய நிக்கறீங்க? செருப்பக் கழட்டிட்டு வாங்க” என்று கூப்பிட்டான்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு செந்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்தான். நான் ஓமத்தண்ணி கொதிக்கவைத்துத் தயாராக வைத்திருந்தேன்.